பெண்கள் ஆளும் கோளும் ஆணின் கையொப்பமும்

1958இல் அமெரிக்காவில் ‘குயீன் ஒஃப் அவுட்டர் ஸ்பேஸ்’ என்றொரு படம் வெளிவந்தது. கதை நடப்பது 1985இல். படம் எடுத்தவர்களுக்கு அது வெகுதூரத்து எதிர்காலம். நான்கு ஆண்கள் ஒரு விண்வெளி நிலையத்துக்குப் புறப்படுகிறார்கள். எங்கிருந்தோ வந்த கதிர் ஒன்று அந்த நிலையத்தையே சிதறடிக்கிறது. அவர்களின் கப்பல் திசைமாறி வெள்ளிக் கோளில் போய் விழுகிறது. அங்கே கண்ணில் படுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். இலானா என்ற அரசி முகமூடி அணிந்து ஆள்கிறாள். முன்னொரு காலத்தில் ஆண்கள் நடத்திய போரால் கோளே நாசமானதாம். பெண்கள் ஆட்சியைப் பிடித்து, ஆண்களை ஒழித்து, தேவைப்பட்ட சிலரை மட்டும் ஒரு துணைக்கோளில் அடைத்துவைத்திருக்கிறார்கள். அரசியின் முகமூடிக்குப் பின்னால் இருப்பது அந்தப் போரின் கதிர்வீச்சில் வெந்துபோன முகம்.

போர் நடந்தது, ஆண்கள் இல்லாமற் போனார்கள், மிஞ்சிய பெண்கள் எல்லாவற்றையும் தங்கள் கையில் எடுத்தார்கள். படத்தில் இது ஒரு நிமிட முன்கதை. இலங்கையின் வடக்கே வன்னியில் இது, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்த நிலைமை. வடக்கிலும் கிழக்கிலுமாகச் சுமார் 89,000 கைம்பெண்கள் என்று 2010இல் அரச தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. ஆகவே இந்த மாதிரிப் படங்களை வேறெந்த ஊரையும்விட நாங்கள் அக்கறையோடு பார்க்கலாம். அவை எதைக் கற்பனை செய்தன, எதைக் கற்பனை செய்யத் தவறின என்று சொல்லும் அறிவு இங்கே இருக்கிறது.

முதலில் படம் எப்படி உருவானது என்று பார்ப்போம். செலவு குறைந்த படங்களில் தயாரிப்புக் கதையும் திரைக்கதையும் பிரிக்க முடியாதவை.

தயாரித்தது அலைட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம். இயக்குநர் எட்வர்ட் பேர்ன்ட்ஸ், அதற்கு முன் ‘த்ரீ ஸ்டூஜஸ்’ நகைச்சுவைக் குறும்படங்களை இயக்கிப் பழகியவர். கதையின் முதல் வரைவு பென் ஹெக்ட் எழுதியது. முதலாவது ஒஸ்கார் விழாவிலேயே கதைக்கான விருதை வாங்கியவர் அவர். அந்த வரைவைத் திரைக்கதையாக்கியவர் சார்ள்ஸ் போமொன்ட், சிறிது காலத்தில் ‘ட்வைலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிப் புகழ் பெற்றவர். ஆக, எழுத்துப் பக்கத்தில் ஆட்கள் திறமைசாலிகள். சினிமாஸ்கோப், வண்ணம் என்று திரையும் அகலமாகத்தான் இருந்தது. தட்டுப்பாடு அந்தத் திரையை நிரப்புவதில். விண்வெளி வீரர்கள் போட்டிருக்கும் சீருடை 1956இல் எம்ஜிஎம் நிறுவனம் பெருஞ்செலவில் எடுத்த ‘ஃபோபிடன் பிளானட்’ படத்துக்காகத் தைத்தது. கப்பல் பறக்கும் காட்சிகள், இதே இயக்குநர் இரண்டு வருடங்களுக்கு முன் எடுத்த ‘வேர்ல்ட் விதவுட் என்ட்’ படத்திலிருந்து வெட்டி ஒட்டியவை. குகைக்குள் பாயும் இராட்சதச் சிலந்தி றப்பர் பொம்மை. விளம்பரத்தில் பெரிய பெயர் ஸாஸா கபோர். ஆனால் அவர் அரசியாக நடிக்கவில்லை. அரசியை எதிர்க்கும் விஞ்ஞானி தலியா அவர்தான். அரசியாக முகமூடிக்குள் இருந்தவர் லோரி மிற்செல்.

அந்தப் பத்தாண்டில் இதே அச்சில் வார்த்த படங்கள் வரிசையாக வந்தன. 1953இல் ‘கற்-வுமன் ஒஃப் த மூன்’: நிலவின் குகைகளில் கறுப்பு ஆடைப் பெண்கள், கப்பலுக்குள் அலுவலக மேசையும் நாற்காலியும், அங்கேயும் ஒரு சிலந்தி. இசையமைத்தவர் எல்மர் பேர்ன்ஸ்டீன். இடதுசாரிச் சந்தேகத்தில் பெரிய நிறுவனங்கள் அவரை ஒதுக்கிவைத்திருந்த காலம் அது, அதனால்தான் இவ்வளவு சின்னப் படத்துக்கு அவ்வளவு பெரிய கலைஞர் கிடைத்தார். 1956இல் பிரித்தானியாவில் ‘ஃபயர் மெய்டன்ஸ்’ என்ற படம், கோள் வியாழனின் துணைக்கோளாக மாறியது, அவ்வளவுதான். நடனக் காட்சிகளுக்கு உருசிய இசையமைப்பாளர் பொரொடினின் பழைய இசையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். 1958இல் ‘மிஸைல் ரு த மூன்’, 1953 படத்தின் மறுபதிப்பு.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த தயாரிப்புக் கதை 1968இல் வந்த படத்தினுடையது. 1962இல் சோவியத் ஒன்றியத்தில் பாவெல் குளுஷன்ற்செவ் வெள்ளிக் கோளைப் பற்றி ஒரு நல்ல படம் எடுத்திருந்தார். அதன் உரிமையை அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன் வாங்கினார். ஏற்கெனவே ஒருமுறை அதை வெட்டி ஒரு படம் ஆக்கியாயிற்று. மீண்டும் பயன்படுத்த வேண்டும், ஆனால் அதில் பெண்கள் போதாது. அப்போது இளைஞராக இருந்த பீற்றர் பொக்டனோவிச்சிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் சில நடிகைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், சிப்பி மார்புக்கச்சை அணிவித்துப் படம் பிடித்து, சோவியத் வீரர்களின் காட்சிகளுக்கிடையே செருகினார். ஒலிப்பதிவுச் செலவும் மிச்சம்: அந்தப் பெண்கள் வாய் திறக்காமல் மனத்தால் பேசிக்கொள்கிறார்கள். விளைவு என்னவென்றால், படம் முழுக்க அந்த ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. சந்திக்கவும் முடியாது. ஆண்கள் தங்கள் பாட்டுக்கு ஆராய்ச்சி செய்கிறார்கள், பெண்கள் தங்கள் பாட்டுக்குத் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், தெய்வமான பறக்கும் பல்லியை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று அறிந்து பழிவாங்கப் பார்க்கிறார்கள். வந்தவர்கள் யாரென்று தெரியாமலே தங்கள் கோள் சேதப்படுவதைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கதை, செலவு மிச்சம் பிடிக்கப்போய்த் தற்செயலாகக் கிடைத்துவிட்டது. இந்த வரிசையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் முத்தத்தோடு முடியாத படம் இது என்பதும் அந்தத் தற்செயலால்தான்.

உடுப்பையும் கப்பலையும் இரவல் வாங்குகிறவர்கள் கதையையும் இரவல் வாங்குவார்கள். பெரிய செலவில் எடுக்கும் படத்துக்குப் புதிதாக யோசிக்க ஆளும் நாளும் இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் முடிக்க வேண்டிய படத்துக்கு, பார்ப்பவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்கும் எண்ணங்கள்தான் கைமுதல். அதனால் ஒரு காலத்தின் சமூகம் எதைப் ‘இயல்பு’ என்று நினைத்தது என்பதை அறிய இந்தப் படங்கள் நல்ல சாட்சி. 1958 படத்தில் பெண்கள் செய்த அழிவுக் கருவியைப் பற்றிப் பேச்சு வரும்போது, இதைப் பெண்களால் எப்படிச் செய்திருக்க முடியும் என்று ஒரு வீரர் வியக்கிறார். அவருடைய நண்பர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். திரையரங்கும் எடுத்துக்கொண்டிருக்கும்.

சரி, அந்த எண்ணம் ஏன் அப்போது அவ்வளவு தேவைப்பட்டது? இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் பெண்கள் இலட்சக்கணக்கில் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். விமானம் பொருத்தினார்கள், கப்பலுக்கு ஒட்டு வைத்தார்கள், சம்பளம் வாங்கினார்கள். 1945இல் ஆண்கள் திரும்பி வந்ததும் அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சீருடையும் சம்பளமும் கண்ட பெண் திரும்பவும் அடுப்படிக்கு முழுமனத்தோடு போவாளா என்ற கேள்வி அந்தச் சமூகத்தை உள்ளூர அரித்தது. அந்தக் கேள்விக்குப் படங்கள் ஒரு மறுமொழி வைத்தன. பெண் ஆளுவாள்தான், கருவிகூடச் செய்வாள்தான், ஆனால் உள்ளுக்குள் அவள் ஒரு ஆணுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறாள். அழகான ஆண் ஒருவன் வந்து முத்தமிட்டால் ஆட்சி தானாக விழும். விழாத ஒருத்தி இருந்தால் அவள் முகம் வெந்திருக்க வேண்டும். 1958 படத்தில் கப்பல் தலைவன் அரசியின் முகமூடியைக் கழற்றி அவள் முகத்தைக் கண்டதும் அருவருத்துப் பின்வாங்குகிறான். படம் அவன் பக்கம் நிற்கிறது. அந்தக் காட்சியை என்னால் அவன் பக்கம் நின்று பார்க்க முடிவதில்லை. போரில் எரிந்த முகத்தோடு பேருந்தில் ஏறுகிற, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற, சங்கக் கடையில் வரிசையில் நிற்கிற பெண்கள் உள்ள ஊர் இது. அவள் வில்லி என்றால், அவளை எரித்தவர்களுக்கு என்ன பெயர்? படம் கேட்கவில்லை. கடைசியில் பூமியை அழிக்கும் கருவி வெடித்து அவள் இரண்டாம் முறையும் எரிந்து சாகிறாள்.

வெள்ளிக் கோளைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. உரோமருக்கு அது காதல் தெய்வமான பெண்ணின் பெயர் கொண்ட கோள். நம் சோதிடத்தில் அதே கோள் சுக்கிராச்சாரியார், அசுரர்களின் ஆண் குரு; நம் பக்கத்தில் யாருக்கும் அங்கே பெண்களைக் குடியேற்றத் தோன்றியிருக்காது. மேலும் அது முழுக்க மேகம் மூடிய கோள், கீழே என்ன இருக்கிறதென்று 1950களில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. காடாக இருக்கலாம், கடலாக இருக்கலாம். 1962 டிசம்பரில் ‘மரைனர் 2’ விண்கலம் அதைக் கடந்து போய் அது கடுஞ்சூடான கோள் என்று உறுதிப்படுத்தியது. 1970இல் சோவியத் நாட்டின் ‘வெனேரா 7’ தரையிலேயே இறங்கி ஏறத்தாழ 475 பாகை செல்சியஸ் வெப்பத்தைப் பதிவுசெய்தது. ஈயம் உருகும் சூடு. அத்தோடு வெள்ளியின் அரசிகளுக்கு இருக்க இடமில்லாமற் போயிற்று.

எங்களுக்கு இந்தக் கதை புதிதும் இல்லை. அல்லி அரசாணி மாலையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் எலும்புக்கூடு நன்றாகத் தெரியும். மதுரையை ஆளும் அல்லி, அவளைச் சுற்றிப் பெண் படை, பெண் காவல், ஆண் வாடை படாத கோட்டை. அர்ச்சுனன் மாறுவேடத்தில் நுழைகிறான், பாம்பாக உருமாறி அவள் கட்டிலுக்குப் போகிறான், தூக்கத்தில் தாலி கட்டுகிறான். அவள் எழுந்து போர் தொடுக்கிறாள், கடைசியில் மனைவியாகிறாள். பெண்கள் ஆளும் நாடு, வழிதவறி வந்த அழகன், முத்தத்துக்குப் பதில் தாலி. அமெரிக்க ரொக்கற் செய்த வேலையை எங்களிடம் பாம்பு செய்தது. பெண் சொல் எடுபடும் வீட்டைப் பார்த்து ‘அங்கே அல்லி ராச்சியம்’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

அந்த அல்லிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கோட்டையும் இருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வரும் மன்னாரில், முசலிப் பகுதியின் அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் கட்டடத்தை ஊர்ச்சனம் அல்லிராணி கோட்டை என்கிறது. உண்மையில் அது முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்க்கத் தங்குவதற்காக 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. வெள்ளைக்கார ஆண் ஒருவர் முத்து வருமானத்தைக் காவல்காக்கக் கட்டிய வீட்டை, முத்து வணிகத்தையே தன் கையில் வைத்திருந்த பெண்ணரசியுடையதாக மக்கள் நினைவு மாற்றிக்கொண்டது. வரலாற்றாசிரியர்களுக்கு இது பிழை. எனக்கு, மக்கள் அந்தக் கடலுக்கு யாரை எசமானியாக வைக்க விரும்பினார்கள் என்பதற்கு இது ஒரு தடயம். குறும்படம் எடுக்கும் மன்னார்ப் பிள்ளைகள் யாராவது அந்தச் சுவர்கள் விழுந்து முடிவதற்கு முன் அங்கே ஒரு அரசியை நிற்கவைத்துப் படம் பிடிக்க வேண்டும்.

ஆணின் பயத்திலிருந்து பிறக்காத பெண்கள் நாடு ஒன்றும் நம் பக்கத்தில்தான் முதலில் அச்சேறியது. 1905இல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மகசின்’ இதழில் வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். இதழின் ஆசிரியர் கமலா சத்தியநாதன். கதையில் பெண்களுக்கென்று பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இழுக்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறது, இனி வெள்ளமும் இல்லை வறட்சியும் இல்லை. இன்னொன்று வெயிலின் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் கருவியைச் செய்கிறது. ஆண்கள் இதைப் பார்த்து ஏளனம் செய்துவிட்டுப் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். போர் வருகிறது, ஆண்கள் தோற்கிறார்கள், காயப்படுகிறார்கள். அரசியின் சம்மதத்தோடு ஆண்கள் வீட்டுக்குள் போக, ஒரு கல்லூரித் தலைவி மாணவிகளோடு புறப்பட்டுச் சேர்த்துவைத்த வெயிலை எதிரிப்படை மீது திருப்புகிறார். போர் முடிகிறது. ஆண்கள் பிறகு வெளியே வரவேயில்லை, சமையலும் பிள்ளை பார்ப்பதும் அவர்கள் பாடு.

1958 அமெரிக்கப் படத்தோடு இதை வைத்துப் பார்த்தால், அரை நூற்றாண்டு முந்திய கதைதான் பிந்தியதுபோல் தெரியும். இங்கே அரசிக்கு முகமூடி இல்லை, யாரும் வந்து அவளை மீட்கவும் இல்லை. அவள் நேரம் செலவழிப்பது தண்ணீரிலும் வெயிலிலும். எங்கள் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான விஞ்ஞானக் கற்பனை எதுவும் இருக்குமா என்று யோசிக்கிறேன். குளத்தை நம்பி வாழ்கிற ஊர்கள் நாங்கள். ஆடி ஆவணியில் குளம் வற்றி மாடு செத்துக் கிடக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. மேகத்திலிருந்து அளந்து தண்ணீர் எடுக்கும் பலூனை யார் கண்டுபிடித்தாலும் அவளை அரசியாக்க வன்னி விவசாயிக்கு மறுப்பு இருக்காது.

மோசமான படமும் வீண்போவதில்லை என்பதற்கு ஒரு சான்று. 1954இல் பிரித்தானியாவில் ‘டெவில் கேர்ள் ஃப்ரொம் மார்ஸ்’ வந்தது. செவ்வாயில் பெண்கள் ஆண்களை வென்றுவிட்டார்கள், இப்போது இனப்பெருக்கத்துக்கு ஆண் போதவில்லை, நையா என்ற பெண் கறுப்புத் தோலுடையில் ஸ்கொட்லாந்துச் சத்திரம் ஒன்றுக்கருகே வந்து இறங்குகிறாள். அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு கறுப்பினச் சிறுமி, இதைவிட நல்ல கதை என்னாலேயே எழுத முடியும் என்று நினைத்து எழுத உட்கார்ந்தாள். அவர் ஒக்ரேவியா பட்லர். பின்னாளில் பெரிய விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரானார்; 1995இல் அமெரிக்காவின் மக்ஆதர் நிதி என்ற பெரும் கௌரவத்தைப் பெற்றார். விஞ்ஞானப் புனைகதை எழுதுபவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

இப்போது வன்னிக்கு வருகிறேன். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது: ஆண்கள் இல்லையென்றால் ஆட்சி பெண்களிடம் வந்துவிடும். அதிகாரம் என்பது ஆணின் உடம்போடு வந்து உடம்போடு போவது என்ற கணக்கு. 2009க்குப் பிறகு இங்கே நடந்தது அந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது. ஆண் போனான், அவனுடைய கையொப்பம் போகவில்லை.

காணியை எடுங்கள். கிளிநொச்சி, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று வன்னியின் குடியேற்றத் திட்டங்கள் பெரும்பாலும் பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்டவை. பெர்மிட் குடும்பத் தலைவர் பெயரில், அதாவது அநேகமாக ஆணின் பெயரில் இருக்கும். தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமிக்காமல் அவர் இறந்தால் மனைவி அந்தக் காணியில் தன் சீவிய காலத்துக்கு இருக்கலாம். மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும். அவளுக்குப் பிறகு யாருக்கு என்று சட்டத்தின் அட்டவணை சொன்னது: முதலில் மகன், பிறகு மகள். ஆணுக்கு முன்னுரிமை கொடுத்த அந்த ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. போர் முடிந்து பதின்மூன்று வருடம்.

அடுத்தது தேசவழமை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த சட்டம், 1911இல் திருமண உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டத்தால் மாற்றப்பட்டு இன்றும் வட மாகாணத் தமிழருக்குச் செல்லுபடியானது. அதன்படி திருமணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூட விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற் போயிருந்தால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்தைப் பெற வேண்டும். போரின் முடிவில் வட்டுவாகலிலோ ஓமந்தையிலோ படையினரிடம் கையளித்த கணவன் எங்கே என்று எந்த அலுவலகமும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவன் ஒப்பத்தை மட்டும் எல்லா அலுவலகமும் கேட்டது. மரணச் சான்றிதழ் எடுத்தால் காரியம் இலகு என்றார்கள். எடுத்தால் அவன் செத்துவிட்டான் என்று தானே எழுதிக்கொடுத்ததாகும் என்று பல பெண்கள் மறுத்தார்கள். காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழுக்கான சட்டம் 2016இல் வந்தது. அதுவரை அவள் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவம், வங்கிக் கடன், வீட்டுத்திட்டப் பட்டியல் எல்லாவற்றிலும் விதானையார் (கிராம அலுவலர்) முன்னால் தன் நிலைமையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியவளாக இருந்தாள்.

உழைப்பு முழுவதும் அவளுடையது, ஒப்பம் இன்னொருவருடையது. இதைப் பெண்கள் ஆளும் கோள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சொல்கிறார்கள், அதுதான் பிரச்சினை. ‘இப்ப எல்லாம் பொம்பிளையளின்ர ராச்சியம்’ என்று தேநீர்க் கடையில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். லாண்ட்மாஸ்ரர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் ஓட்டுகிற, கூலிக்கு ஆள் பிடித்துக் கச்சான் விதைக்கிற, நுண்கடன் சேகரிப்பவர் வாசலில் வந்து நிற்கும்போது தனியாக முகம் கொடுக்கிற பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படுவது அது.

1945க்குப் பிந்திய அமெரிக்காவின் பயத்துக்கும் இங்கே ஒரு நிழல் உண்டு. பெண்கள் தனிப் படையணிகளாக ஆயுதம் ஏந்திய நிலம் வன்னி. அந்தப் போராட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், புனர்வாழ்வு முகாமிலிருந்து வீடு திரும்பிய அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். குட்டையாக வெட்டிய முடியை வளர்க்கச் சொன்னார்கள். கலியாணப் பேச்சில் அந்த வருடங்களை மறைக்கச் சொன்னார்கள். முன்பு அக்கா என்று மரியாதையோடு கூப்பிட்ட அதே ஊர் தள்ளி நின்று பார்த்தது. காயத்தோடு வந்தவர்களுக்கு இன்னும் கடினம். இலானாவின் முகத்தைக் கண்டு பின்வாங்கிய கப்பல் தலைவனுக்கு நம்மூரிலும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் இங்கே பெண்கள் கூடி நின்ற இடங்கள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகும். 2017 ஜனவரி கடைசியில் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு பிலவுக்குடியிருப்பில், தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாமின் முன்னால் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் இருந்து அந்தக் காணியைத் திரும்ப வாங்கினார்கள். அதே வருடம் பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாளில் வவுனியாவிலும் பந்தல் எழுந்தது. அந்தப் பந்தல்களில் யார் பேசுவது, யார் சமைப்பது, வரும் தூதுவர்களிடம் யார் எதைக் கேட்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். ஆட்சி என்பதற்கு மிக நெருக்கமாக நான் கண்டது அதுதான்.

இன்னொரு இடம் முகமாலை. போரின் முன்னரங்காகப் பல வருடம் கிடந்த அந்த நிலத்தில் கண்ணிவெடி எடுக்கிற வேலையில் பெண்கள் நிறையப் பேர். தடித்த நீல அங்கி, முகத்தை மூடும் கண்ணாடித் தடுப்பு, முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டுதல், இரு பக்கமும் நிற மரக்குச்சிகள், பின்னால் தலையில்லாத பனைகள். விண்வெளிப் படம் எடுக்கிறவன் இலட்சக்கணக்கில் செலவழித்து உருவாக்கும் காட்சி அங்கே வேலை நேரத்தில் தினமும் நடக்கிறது. அந்தக் கண்ணாடிக்குள் இருப்பவளும் முகமூடி அணிந்தவள்தான், ஆனால் அவள் கோளை அழிக்க வரவில்லை. மற்றவர்கள் நடப்பதற்கு வழி செய்கிறாள். மாலையில் வீட்டுக்குப் போய் அந்தச் சம்பளத்தில் பிள்ளையைப் படிப்பிக்கிறாள்.

வன்னியில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியிலேயே எடுத்துக் கணினியில் வெட்டி ஒட்டுகிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலும் போரையும் பிரிவையும் பற்றி நேரடியாக எடுக்கிறார்கள். விஞ்ஞானக் கற்பனை பணக்கார நாட்டுச் சரக்கு என்று ஒரு தயக்கம். 1953இன் அலுவலக நாற்காலியையும் 1968இன் சிப்பிக் கச்சையையும் பார்த்தால் அந்தத் தயக்கம் போக வேண்டும். மருந்துத் தடையும் எரிபொருள் தடையும் இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் பிள்ளைகள் இவர்கள். பொருள் இல்லாமல் பொறி செய்வது வீட்டுப் பழக்கம்.

நான் கேட்கும் படத்துக்கு ஓர் அறை போதும். ஒரு கோள். ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர், வெயில், வயல், பாலம், பாடசாலை எல்லாம் பெண்கள் நடத்துகிறார்கள். ஆனால் கோளின் கணினி பழைய சட்டத்தில் ஓடுகிறது: எந்தப் படிவத்துக்கும் ஆண் கையொப்பம் வேண்டும். அரசியே வந்து வரிசையில் நிற்கிறாள், குளத்துக் கதவைத் திறக்கும் கட்டளைக்கு அவள் கணவனின் ஒப்பம் கேட்கப்படுகிறது. மழை வந்துகொண்டிருக்கிறது. கருமபீடத்துக்குப் பின்னால் இருப்பவளும் பெண்தான், அவளுக்கும் வேலை போய்விடும் என்ற பயம். இதில் சிலந்தி தேவையில்லை, முத்தம் தேவையில்லை, வழிதவறி வரும் கப்பலும் தேவையில்லை. 1984இல் போலந்தில் வந்த ‘செக்ஸ்மிசியா’வில் பெண்கள் உலகத்தை ஆளும் தலைவி கடைசியில் வேடம் போட்ட ஆண் என்று தெரியவருகிறது. நம் படத்தில் வேடம்கூட வேண்டாம், அவன் படிவத்திலேயே இருக்கிறான்.

அரசி என்ன செய்வாள் என்பதை எழுதுகிறவர்கள் தீர்மானிக்கட்டும். அவளே கையொப்பமிடலாம், கணினியை உடைக்கலாம், நீதிமன்றம் போகலாம், ஊர்ப்பெண்களோடு பந்தல் போட்டு உட்காரலாம். நான்குக்கும் வன்னியில் முன்னுதாரணம் உண்டு, கேட்டால் சொல்லத் தயாரான ஆட்களும் உண்டு. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவளை எரிக்க வேண்டாம். அரசியாக நடிக்க ஆள் தேடுகிறவர்கள் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ நடிகை கூட்டிவர வேண்டியதில்லை. முகமாலையில் வேலை முடிந்து பேருந்துக்கு நிற்பவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து.